முதுகில் ஒட்டிய பிளாஸ்திரி

ஒட்டினது எதில்மாதான். கணவன் அப்தியெலின் முதுகில், அவன் கைக்கு எட்டாத இடத்தில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே பச்சை நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்திரி. வியர்வையில் கழன்றுவிடக் கூடாதே என்று அதன்மேல் வெள்ளை டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, அழுத்தித் தேய்த்தும் விட்டாள். ரேஸ் நாளன்று காலையில் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. "ரெண்டு பவுண்டு நிக்குது குண்டச்சி, ரெண்டாவதையும் போடு" என்று அவன்தான் கேட்டான். கேட்டால் போட்டுவிடுவதா? போட்டாள்.

அப்தியெல் ஜாக்கி. பனாமா நகரத்து ரேஸ் மைதானத்தில் ஒரு காலத்தில் குதிரையின் பெயரைக்கூடப் பார்க்காமல் அவன் பெயரைப் பார்த்துப் பந்தயம் கட்டினவர்கள் உண்டு. அதெல்லாம் இடுப்பெலும்பு உடைவதற்கு முன்னால். குதிரையோடு சேர்ந்து விழுந்து, படுத்த படுக்கையாகக் கிடந்து, தடி ஊன்றி நடந்து, தடியைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தபோது ஆள் வேறாக இருந்தான். எதில்மாவுக்கு வீட்டு முன்ஜன்னலில் பலகாரக் கடை. மரவள்ளி மாவுக்குள் இறைச்சி வைத்துப் பொரிக்கிற கரிமஞோலாவுக்கு பெத்ரெகல் பேட்டையில் அவளை விட்டால் ஆள் கிடையாது. படுத்திருப்பவன் பாவமே என்று அவள் பொரித்துப் பொரித்து ஊட்டியதெல்லாம் அவன் இடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது.

முப்பத்தெட்டு வயதில், ஆணி அடித்த இடுப்போடு நிற்கிறவனுக்குக் குதிரை கொடுக்க யாருக்குத் தலையெழுத்து? ஆனாலும் ஒருவர் கொடுத்தார். கனேலா என்று ஒரு பெண் குதிரை. யார் ஏறினாலும் முறைத்துக்கொள்ளும், அப்தியெல் ஏறினால் மட்டும் காதை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடும். நவம்பர் விடுமுறையில் வரும் பெரிய ரேஸ். ஏறுகிறவன் எடை நூற்றுப் பதினான்கு பவுண்டு, அதற்குமேல் இம்மி கூடாது. அன்று ஒழுங்காக ஓட்டினால் அவர் லாயத்துக் குதிரைகள் எல்லாம் வருஷம் முழுக்க அவனுக்கு. இல்லாவிட்டால் மச்சான் வைத்திருக்கும் சிமெண்டுக் கிடங்கில் போய் நிற்க வேண்டியதுதான். அதை அவன் வாயால் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கிடங்கு இருக்கும் தெருப்பக்கம் போவதையே விட்டுவிட்டான்.

அவன் தினமும் வாஷ்பேசினில் குனிந்து சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் எதில்மா செல்போனில் அதைத் தேடினாள். பிளாஸ்திரி, வெறும் பிளாஸ்திரி. ஊசி இல்லை, மாத்திரை இல்லை, பட்டினி இல்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு டாக்டர் சிரித்துக்கொண்டே பேசினார். ஒரு பெண் தன் பழைய பாவாடைக்குள் இரண்டு பேர் நிற்கலாம் என்று விரித்துக் காட்டினாள். பெட்டி வந்தது. மேலே ஏழெட்டு இலைகளின் படம். எந்த ஊரில் செய்தார்கள், யார் செய்தார்கள் என்று தேடினால் கடுகளவு எழுத்துகூட இல்லை.

பக்கத்து வீட்டு இட்சேல் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஒட்டினா இளைக்குமாடி? அப்படின்னா நம்ம தபாலாபீஸ்காரன் நாள் பூரா ஸ்டாம்பு ஒட்டறானே, அவன் ஏன் பீப்பாய் மாதிரி இருக்கான்?"

"நீ சிரி. உன்கிட்ட யாரும் ஒட்டச் சொல்லல."

"ஏமாத்திட்டான்டி உன்னை. பத்து நாள் கழிச்சு அழுதுக்கிட்டு வருவே பாரு."

எல்லாரும் சொன்னது அதைத்தான். ஒன்றும் ஆகாது, சும்மா பசைக் காகிதம், காசுக்குப் பிடித்த கேடு என்று. ஒன்றும் ஆகாமல் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அது வேலை செய்தது. அதுதான் வினை. ஒட்டின மறுநாளே அப்தியெலுக்குப் பசி செத்துப்போனது. சோற்றுத் தட்டை ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் தட்டு மாதிரி பார்த்துவிட்டு நகர்த்தினான். தூக்கம் போனது. கை லேசாக நடுங்கியது. காலையில் தராசில் ஏறி இறங்கும்போது மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்தான். எதில்மாவும் கூடச் சிரித்தாள். வெறும் இலைச்சாறு ஒரு ஆம்பிளையை இப்படிப் பிடித்து ஆட்டுமா என்று ஒரு நொடி நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. தராசு முள் இறங்குகிற வீட்டில் யாருக்கு அந்த நினைப்பு வரும்?

ரேஸ் நாள் வந்தது. விடியும்போதே அப்தியெல் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டான். மிச்சம் இருக்கிற இரண்டு பவுண்டை அங்கே வியர்வை அறையில் உட்கார்ந்து கரைக்க வேண்டும். அந்த அறையைப் பற்றி ஜாக்கி வீட்டுக்காரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் இல்லாத மர அறை. உள்ளே ஆவி கொதிக்கும். ரப்பர் சட்டை, அதற்கு மேலே பிளாஸ்டிக் உறை, தலையில் கம்பளிக் குல்லா என்று போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கடைசி அரை பவுண்டுக்குப் பபிள்கம் மென்று எச்சிலைத் துப்பித் துப்பி எடை இறக்குவார்கள். ஊர் உலகத்தில் உடம்பு இளைக்க நினைப்பவன் நடப்பான், ஓடுவான். உலைக்குள் போய் உட்காருகிறவன் ஜாக்கி ஒருவன்தான்.

மகள் பள்ளிக்கூட வாத்தியக் குழுவோடு சுதந்திர நாள் ஊர்வலத்துக்குப் போயிருந்தாள். எதில்மா அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே முடித்துவிட்டு மைதானத்துக்குப் போவதாக இருந்தாள். கனேலா ஜெயித்தால் ஜாக்கியின் வீட்டுக்காரியையும் கூட நிறுத்திப் படம் எடுப்பார்கள். அதற்கென்று எடுத்து வைத்திருந்த மஞ்சள் கவுன் வயிற்றில் பிடித்தது. பெட்டியில் பிளாஸ்திரி மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்துத் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, ஏப்ரனைக் கட்டி அடுப்படிக்குப் போனாள்.

விடுமுறை நாள், ஜன்னலில் கூட்டம். பெரிய வாணலி, அவள் வயிற்று உயரத்துக்கு அடுப்பு. கரிமஞோலாவை எண்ணெயில் போடுவதும் அரிப்பதுமாக வெகுநேரம் நின்றாள். அடுப்பு அனல் ஏப்ரனுக்குள் ஏறி வயிறு சுட்டது. பழகின சூடுதான். பிறகு மார்புக்குள் என்னவோ படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. வெளியே ஊர்வல மேளம் போலிருக்கிறது என்றுகூட நினைத்தாள். மேளம் இல்லை. காது அடைத்தது, நாக்கு உலர்ந்தது, அந்த அனலில் நின்றுகொண்டு அவளுக்குக் குளிரெடுத்தது. முழங்கையில் மயிர்க்கால் குத்திட்டு நின்றது. கரண்டி கையிலிருந்து நழுவியது.

"எதில்மா, என்னடி ஆச்சு? மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருக்கு" என்று ஜன்னலுக்கு வெளியே நின்ற இட்சேல் கேட்டாள்.

எதில்மா பின்கட்டுத் தரையில் போய் உட்கார்ந்தாள். ஏப்ரனைத் தூக்கிப் பார்த்தாள். பிளாஸ்திரி இளகிப்போய், ஓரம் வழவழவென்று கசிந்து, அதைச் சுற்றித் தோல் செக்கச் செவேலென்று இருந்தது. பிய்த்து எறிந்தாள். இட்சேல் கொண்டுவந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் படபடப்பு மெல்ல அடங்கியது. கைகால் சொன்னபடி கேட்டது.

"உனக்கு ஆகலைன்னா விட்டுத் தள்ளு. அதுக்கு ஏன்டி அழறே?"

"அடுப்புச் சூட்டுல அதுல இருக்கறது மொத்தமா உடம்புல இறங்கிடுச்சு இட்சேல்."

"அதான் பிச்சு எறிஞ்சிட்டியே."

"அவர் முதுகுல ரெண்டு இருக்கு. அவரு உலைக்குள்ள உக்காந்திருக்காரு."

இட்சேலுக்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.

எதில்மா அவனைப் போனில் கூப்பிட்டாள். அணைத்து வைத்திருந்தது. இருக்காதா பின்னே? ரேஸ் நாளில் உள்ளே நுழையும்போதே ஜாக்கிகளின் போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள், பந்தயக்காரன் எவனும் பேசிவிடக் கூடாது என்று. பிளாஸ்திரி விற்றவனுக்குச் செய்தி அனுப்பினாள்: இதை ஒட்டிக்கொண்டு வியர்வை அறைக்குள் போகலாமா, உள்ளே என்ன மருந்து இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. ஒரு இதயம், ஒரு பூங்கொத்து, "வாழ்த்துகள் அழகியே, இன்றைக்கு மூன்று பெட்டி எடுத்தால் நான்காவது எங்கள் அன்பளிப்பு." அவள் திரும்பக் கேட்டாள். திரும்ப அதே பூங்கொத்து வந்தது. அந்தப் பக்கம் மனுஷனே கிடையாது. இத்தனை நாளும் ஒரு மெஷினுக்குத்தான் அவள் நன்றி நன்றி என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மிச்சப் பெட்டியை ஏப்ரன் பையில் திணித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். டாக்ஸிக்காரன் பெரிய சாலை வரைக்கும் கொண்டுபோனான். அதற்குமேல் நவம்பர் மாத பனாமாவில் எவன் வண்டி ஓட்ட முடியும்? சாலை முழுக்க ஊர்வலம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொடி பிடித்துக்கொண்டு, மேளம் அடித்துக்கொண்டு, தங்க ஜரிகைத் தொப்பியோடு நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தன.

"இது சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான்மா. இறங்கி நடக்கறதுதான் புத்திசாலித்தனம்" என்றான் டாக்ஸிக்காரன், ஏதோ தானே ஊர்வலத்தை நடத்துவது போல.

இறங்கி ஓடினாள். மேளக்காரப் பிள்ளைகளின் வரிசைக்குள் புகுந்து ஓடினாள். ஒரு வாத்தியார் கையை நீட்டி மறித்துத் திட்டினார். ஒவ்வொரு மேள அடியும் அவள் நெஞ்சில் விழுந்தது. மழை பிடித்துக்கொண்டது. எண்ணெய்க் கறையோடும் ஏப்ரனோடும் நனைந்து சொட்டச் சொட்ட, மாதாவே என் புருஷனை எனக்குக் கொடுத்துவிடு, குதிரை வேண்டாம், லாயம் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

ஜாக்கிகளின் கட்டடம் மைதானத்துக்குப் பின்புறம், கம்பி வேலிக்குள் இருக்கிறது. ஒரே வாசல். வாசலில் காவலுக்கு நிக்காசியா. ஆளும் வாசலும் ஒரே அகலம். எதில்மாவின் கரிமஞோலாவை வாரத்தில் நாலு நாள் தின்பவள்தான். ஆனால் சீருடையில் இருக்கும்போது அவளுக்குப் பெற்ற தாயைக்கூடத் தெரியாது.

"அக்கா, அப்தியெலை ஒரு நிமிஷம் பாக்கணும்."

"ரேஸ் நாள்ல எங்க பாக்கறது? உள்ள போற காத்துகூட என்கிட்ட பேர் சொல்லிட்டுத்தான் போகணும்."

"அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியலக்கா."

"அவங்க அம்மா செத்து நாலு வருஷம் ஆச்சு. நானே துக்கத்துக்கு வந்து காப்பி குடிச்சிட்டுப் போனேன்."

எதில்மாவுக்கு அவமானமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பெயர் தெரியாத எந்த மருந்தும் ஜாக்கியின் உடம்பில் இருக்கக் கூடாது. இருந்தால் லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். இருபது வயசுக்காரன் என்றால் வருஷம் கழித்துத் திரும்பி வருவான். முப்பத்தெட்டு வயசுக்காரன் எங்கே வருவது? அவள் வாயைத் திறந்தால் அவன் ஜாக்கி இல்லை. திறக்காவிட்டால், ஒருவேளை ஒன்றுமே ஆகாது. ஒருவேளை அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வருவான், கனேலாமேல் ஏறுவான். அந்த ஒருவேளைதான் அவள் நாக்கைப் பிடித்து வைத்தது.

அப்போது தோபியாஸ் ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரமாக வந்தான். ஜாக்கிகளுக்கு உடை மாட்டி, சேணம் துடைத்துக் கொடுக்கிறவன். எதில்மாவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அதனால் அவளுக்கு அவன் கொம்பாத்ரே, அவனுக்கு அவள் கொமாத்ரே. அந்த உறவில் ஆணும் பெண்ணும் வாங்க போங்க என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

"கொமாத்ரே, இங்க நிக்காதீங்க. பாக்கறவன் வேற மாதிரி நினைப்பான்."

"கொம்பாத்ரே, காதைக் கொடுங்க. அவர் முதுகுல டேப்புக்குக் கீழ ரெண்டு பிளாஸ்திரி இருக்கு. அதை உடனே பிய்க்கணும். ஏன்னு கேக்காதீங்க."

"அந்த இளைக்கிற பிளாஸ்திரியா? காலையில சட்டை மாத்தறப்போ பாத்தேன். பார்சல் கட்டின மாதிரியில்ல கட்டி வெச்சிருக்கீங்க."

"அது உயிரை எடுத்துடும். போங்க, சீக்கிரம்."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். எதில்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு ரேஸ் முடிந்து, ஆட்கள் கத்தி ஓய்ந்தார்கள். நிக்காசியா அவளைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோபியாஸ் திரும்பி வந்தபோது கையை விரித்தான்.

"கதவைத் திறக்க மாட்டேங்கறான். யாராச்சும் திறந்து ஆவியை விட்டுடுவாங்கன்னு உள்ளாற கட்டையைச் செருகி வெச்சிருக்கான். கதவைத் தட்டினேன். இன்னும் அரை பவுண்டுதான், தொந்தரவு பண்ணாதேன்னான்."

"குரல் எப்படி இருந்துச்சு?"

"குரல் நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் குழறுச்சு, பபிள்கம் மெல்றான்ல. ஆனா ஒரு கூத்தைக் கேளுங்க, குளிருதுங்கறான். அந்தக் கொதிகலனுக்குள்ள உக்காந்துக்கிட்டு, தோபியாஸ், ஒரு போர்வை கொடுன்னு கேக்கறான் உங்க வீட்டுக்காரன்."

தோபியாஸ் சிரித்தான். அந்தக் குளிர் எதில்மாவுக்குத் தெரியும். அந்தக் குளிருக்கு அடுத்தபடி என்ன என்பதும் தெரியும். அவளுக்குப் பின்கட்டு இருந்தது, இட்சேல் இருந்தாள், வாளித் தண்ணீர் இருந்தது. அவனுக்குக் கட்டை செருகின கதவுதான் இருக்கிறது.

வேலியை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"நிக்காசியாக்கா, கமிஷனரைக் கூப்பிடுங்க."

"எதுக்கு?"

"கூப்பிடுங்க. இல்லைன்னா உங்களை இடிச்சுத் தள்ளிட்டு உள்ள போவேன்."

நிக்காசியாவை இடித்துத் தள்ளுவதற்கு ஒரு லாரி வேண்டும். ஆனாலும் அவள் மறுபேச்சுப் பேசாமல் வாக்கிடாக்கியை எடுத்தாள்.

ரேஸ் கமிஷனர் உர்ரியோலா குடை பிடித்துக்கொண்டு வந்தார். நரைத்த மீசை, மழையிலும் கசங்காத கோட்டு. அப்தியெலின் முதல் ஜெயிப்புக்குக் கோப்பை கொடுத்தவர். எதில்மாவை மேலும் கீழும் பார்த்தார். ஏப்ரன், சொட்டும் தலை, பிதுங்கின பை. அவருக்குப் பாதி புரிந்துவிட்டது.

"அம்மா, நீங்க சொல்ல வந்தது எதுவா இருந்தாலும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிச்சுக்குங்க. நான் காதுல வாங்கிட்டேன்னா, அப்புறம் வாங்காத மாதிரி இருக்க முடியாது. ஆறாவது ரேஸ்ல அவன் பேர் இருக்கு. நீங்க இப்படியே திரும்பிப் போனா, நான் உங்களைப் பாக்கவே இல்லை."

நல்ல மனுஷன். வேறு எந்த நாளிலாவது அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்திருப்பாள். வீடு கண்முன்னால் வந்தது. அப்தியெல் சுவரில் மாட்டியிருக்கிற சாட்டை, அவன் தடியைத் தூக்கி எறிந்த நாள், நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினாறு என்று அவன் காலையில் கத்தின கத்தல். இதைச் சொன்னால் அவன் தன்னை மன்னிக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. நிச்சயமாகத் தெரிந்தது.

"என் புருஷன் உடம்புல மருந்து இருக்கு" என்றாள். "என்ன மருந்துன்னு எனக்குத் தெரியாது. ஆன்லைன்ல வாங்கினது. நான்தான் ஒட்டினேன். அவர் செத்துக்கிட்டு இருக்கார். கதவை உடைங்க."

உர்ரியோலா குடையை எறிந்துவிட்டு ஓடினார். அந்த வயசில் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நிக்காசியா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "போ, நீயும் போ" என்றாள்.

வியர்வை அறைக்கு முன்னால் ஜாக்கிகள் துண்டோடு நின்றார்கள். தோபியாஸ் அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. இரண்டு பேர் தோளால் மோதினார்கள். மூன்றாவது மோதலில் கட்டை முறிந்து, வெள்ளை ஆவி குபுகுபுவென்று வெளியே வந்து எல்லார் முகத்தையும் மறைத்தது. ஆவி விலகும் வரை எதில்மா மூச்சு விடவில்லை.

அப்தியெல் பலகையிலிருந்து சரிந்து தரையில் கிடந்தான். வாய் ஓரத்தில் பபிள்கம். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் அது யாரையும் பார்க்கவில்லை. தூக்கி வந்து சிமெண்டுத் தரையில் போட்டு, ரப்பர் சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். தோபியாஸ் அவனைப் புரட்டினான். டேப் எதில்மா போட்டது போட்டபடி இருந்தது. அவ்வளவு ஆவியிலும் ஒரு மூலைகூட எழும்பவில்லை. அவள் மண்டியிட்டு நகத்தால் சுரண்டினாள், பல்லால் கடித்து இழுத்தாள். வந்தபோது தோலோடு வந்தது. கீழே இருந்த பச்சைப் பிளாஸ்திரி இரண்டும் வெறும் துணியாகியிருந்தன. மருந்து முழுக்க உள்ளே போய்விட்டிருந்தது.

மைதானத்து டாக்டர் ஒரு இளம்பெண். நாடியைப் பிடித்தவள் எண்ணுவதை நடுவில் விட்டுவிட்டாள். "ஐஸ்" என்று மட்டும் சொன்னாள். தோபியாஸ் வாளி வாளியாகக் கொண்டுவந்து அவன்மேல் கொட்டினான். கையில் ஊசி குத்திச் சொட்டு மருந்து ஏற்றினார்கள். எதில்மா ஏப்ரன் பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினாள்.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல இலை பேராத்தான் போட்டிருக்கு. இலையைத் தின்னா ஒரு மனுஷனோட இதயம் இப்படி ஓடாது. யார் செஞ்சது?"

"தெரியாது."

"உள்ள என்ன இருக்குன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். பூங்கொத்து அனுப்பினான்."

டாக்டர் வேறு ஏதோ சொல்ல வந்தவள் எதில்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவன் மார்பில் ஐஸை நகர்த்தி வைத்தாள். இதயத் துடிப்பைக் காட்டும் கருவியின் பச்சைக் கோடு தறிகெட்டுத் துள்ளிக்கொண்டிருந்தது. எதில்மா அவன் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. பயம் அத்தனை இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. செத்துப்போனால் நான்தான் கொன்றவள், வேறு எவளும் இல்லை என்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது.

கோடு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. டாக்டர் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ஆம்புலன்ஸ் ஊர்வலத்துல மாட்டிக்கிட்டு இருக்கு, வந்துடும்" என்றாள். அதைச் சொன்ன குரலிலேயே எதில்மாவுக்குப் புரிந்தது, அவன் பிழைத்துவிட்டான் என்று.

அப்தியெல் கண்ணைத் திறந்தான். கூரையைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், தோபியாஸைப் பார்த்தான். உதடு அசைந்தது. எதில்மா குனிந்தாள். தன்னைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள்.

"எவ்ளோ இருந்தேன்?"

யாரும் எடை போட்டிருக்கவில்லை. "நூத்திப் பதிமூணு கொம்பாத்ரே" என்று தோபியாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொய் சொன்னான்.

அப்தியெல் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. உடனே எழுந்திருக்கப் பார்த்தான். கையிலிருந்த ஊசி தடுத்தது. அப்போதுதான் வெளியே ஒலிபெருக்கி ஆறாவது ரேஸ் என்றது. குதிரைகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னது. கனேலா என்றது. அடுத்து வேறொருவன் பெயரைச் சொன்னது.

அவன் தரையில் கிடந்த பச்சைப் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு எதில்மாவைப் பார்த்தான்.

"யார் சொன்னது?"

தோபியாஸ் வாயைத் திறந்தான். எதில்மா அவனை முந்திக்கொண்டாள். "நான்தான். கமிஷனர்கிட்ட நானே சொன்னேன்."

"என்னன்னு சொன்னே?"

"எல்லாத்தையும்."

வெளியே ரேஸ் ஆரம்பித்தது. ஒலிபெருக்கிக்காரன் மூச்சு விடாமல் கத்தினான். அப்தியெல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். வளைவில் கனேலா உள்பக்கம் மாட்டிக்கொண்டது என்றபோது அவன் தாடை இறுகியது. கடைசி நேர்பாதையில் கனேலா இடம் கிடைக்காமல் தவித்தது. வந்தது நாலாவதாக.

"அவனுக்கு அதைப் பிடிக்கத் தெரியல" என்றான் அப்தியெல். "நான் வெளிப்பக்கம் கொண்டு வந்திருப்பேன். ஜெயிச்சிருப்பேன்டி."

"ஜெயிச்சிருப்பே."

"முடிச்சிட்டே. என் பொழப்பை முடிச்சிட்டே. இனிமே எவன் எனக்குக் குதிரை கொடுப்பான்? ஒரு அரை மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல உனக்கு? ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?"

தோபியாஸ், "டேய், அவங்க இல்லைன்னா நீ" என்று ஆரம்பித்தான். எதில்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அப்தியெல் திட்டிக்கொண்டே போனான். அவள் சமையலைத் திட்டினான், அவள் போனைத் திட்டினான், அவளைக் கட்டிவைத்த அவள் அண்ணனைத் திட்டினான். மூச்சு வாங்கியதும் நிறுத்தினான். எதில்மா அவன் தலைமாட்டில் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். தண்ணீர்க் கோப்பையை அவன் உதட்டில் வைத்தாள். அவன் குடித்தான்.

"ம், சொல்லு" என்றாள். "இன்னும் திட்டு. நான் எங்கேயும் போகல."